பின்பனிக் காலத்தில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார்

பெரும்பொழுது ஆறினையும் ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிப் பாடம் நடத்துகிறோம். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். பின்பனி எப்படி இருக்கும் ஐயா என்று மாணவர் எவரேனும் கேட்டால், தாமிரபரணிக் கரையில் பிறந்து வளர்ந்த நமக்கு, மாசி மாத விடியலில் தோளைச் சுற்றிக்கொள்ளும் துண்டுக்கு அப்பால் சொல்வதற்கு ஒன்றும் இருந்ததில்லை. நாற்பத்தாறாம் வயதில் அந்தக் குறை ஒரு காரால் நீங்கியது.

2024 டிசம்பரில், பருவ விடுமுறையோடு ஈட்டிய விடுப்பையும் சேர்த்துக்கொண்டு, கனடாவில் டொராண்டோவை ஒட்டிய மிசிசாகாவில் வாழும் தம்பியிடம் பத்து வாரம் தங்கச் சென்றோம். சுற்றிப் பார்ப்பதற்காகச் சென்ற பயணம் அன்று அது. தம்பிக்கு மணமுறிவு ஏற்பட்டு மூன்றாண்டு ஆகியிருந்தது. தனியே சமைத்து, தனியே உண்டு, அலைபேசியில் அம்மாவிடம் "நல்லா இருக்கேம்மா" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தான். "ஏய்யா, அவனக் கையோட கூட்டிட்டு வந்துரு" என்பதுதான் புறப்படும்போது அம்மா நம்மிடம் சொன்னது. ஆக, தூது.

தூது வந்தவர் வாய் திறப்பதற்குள், விமான நிலையத்திலிருந்து வரும் வழியிலேயே தம்பி முந்திக்கொண்டான். "அண்ணே, ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கலாம்னு இருக்கேன். நீங்க வரட்டும்னுதான் பாத்துக்கிட்டு இருந்தேன்." நாற்பத்தொரு வயதுக்காரனின் குரலில் பதினான்கு வயது ஒலித்தது. கார் வாங்குகிறவன் ஊர் திரும்புவதாக இல்லை என்பது நமக்குப் புரிந்தது. அன்றைக்கு அதைப்பற்றிப் பேசவில்லை.

குளிர்காலத்தில் ஏன் வாங்க வேண்டும் என்று கேட்டோம். அந்நாட்டில் இத்தகைய கார் வைத்திருப்போர் பலர், நவம்பரில் அதைக் கழுவித் துடைத்து, உறை போர்த்தி, பேட்டரி இறங்காதிருக்க ஒரு சிறு சார்ஜரை இணைத்து, ஏப்ரல் வரை உறங்க விடுவார்களாம். உறங்க வைக்க இடமில்லாதோர் பனி கெட்டிப்படுமுன் விற்றுவிட நினைப்பார்கள். ஆகவே விலை இறங்கும். நியாயந்தான். ஆனால் தம்பியின் வீட்டு வாசலிலும் ஒரே ஒரு கார் நிற்கத்தான் இடம். உறங்க வைக்க அவனுக்கும் வழியில்லை. வாங்கினால், உப்பும் சேறும் பனியும் கிடக்கும் சாலையில் அதையேதான் அலுவலகத்திற்கும் கடைக்கும் ஓட்டியாக வேண்டும்.

மூன்று கார்களைப் பார்த்தோம். முதலாவது மாஸ்டா எம்எக்ஸ்-5. 1989-இல் அறிமுகமானது, இருவர் மட்டும் அமரும் திறந்த கார்களில் உலகிலேயே மிகுதியாக விற்றது, பத்து லட்சமாவது கார் 2016-இல் வெளிவந்தது. எடை ஏறத்தாழ ஒரு டன்தான். ஓட்டிப் பார்த்துவிட்டு இறங்கியபோது தம்பியின் முகத்தில், பல மாதங்களாக அம்மா காண விரும்பிய சிரிப்பு இருந்தது. இரண்டாவது ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஆர். வெளித்தோற்றத்தில் சாதாரணக் குடும்பக் கார். உள்ளே 315 குதிரைத்திறன். நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும். மூன்றாவது, டொயோட்டாவும் சுபாருவும் கூடி உருவாக்கிய ஜிஆர்86. இதன் 2.4 லிட்டர் எஞ்சினில் பிஸ்டன்கள் மேலும் கீழும் போகாமல் பக்கவாட்டில், குத்துச்சண்டைக்காரர் இருவரின் கைகள்போல எதிரெதிரே இயங்குகின்றன. அதனால் எஞ்சின் தாழ அமர்ந்து, காரின் கனம் முழுவதும் தரையை ஒட்டி நிற்கிறது. 228 குதிரைத்திறன், எடை 1300 கிலோவுக்குச் சற்றுக் குறைவு, விசை பின்சக்கரங்களுக்கு மட்டும்.

நாம் கோல்ஃப் கட்சி. சொன்ன காரணம், பனியில் நான்கு சக்கரமும் இழுக்கும் கார்தான் பத்திரம் என்பது. அது பாதி உண்மை என்று பின்னர்தான் தெரிந்தது. நான்கு சக்கர இழுப்பு, நிற்கும் காரைப் பனியிலிருந்து கிளப்ப உதவும். ஓடும் காரை நிறுத்துவதற்கு அதனால் ஒரு பயனும் இல்லை. எல்லாக் காரிலும் பிரேக் நான்கு சக்கரங்களுக்கும் உண்டு. எளிதில் கிளம்பிவிட முடிவதால் தரை எவ்வளவு வழுக்குகிறது என்பதே அதில் ஓட்டுநருக்கு உறைப்பதில்லை. பின்சக்கரக் காரோ கிளம்பும்போதே வாலை ஆட்டிச் சொல்லிவிடும்.

சொல்லாத காரணம் வேறு. கோல்ஃபில் ஐந்து பேர் அமரலாம். அதை ஒருநாள் இரவு உணவின்போது சொல்லியும் விட்டோம். "யாரு உக்காரதுக்கு அண்ணே?" என்றான் தம்பி. கோபமாகக்கூட இல்லை. குழம்பைக் கரண்டியால் கிளறிக்கொண்டே கேட்டான். அதன்பின் இரண்டு நாள் காரைப்பற்றிய பேச்சே எங்களிடையே எழவில்லை.

மூன்றாம் நாள் அவனே ஜிஆர்86 என்று முடிவு சொன்னான். மாஸ்டாவை அவ்வளவு விரும்பியவன் ஏன் மாறினான் என்று கேட்டதற்கு, குளிர்காலத்தில் துணிக்கூரை சரிவராது என்றான். ஜிஆர்86-இல் பின்னிருக்கை என்று ஒன்று உண்டு. முன்னிருக்கையின் முதுகு அதன் விளிம்பில் முட்டிக்கொண்டிருக்கும். வளர்ந்தவர் எவரும் கால் நுழைக்க இயலாது. எனினும், கணக்குக்கு நான்கு இருக்கை. அன்றிரவு அம்மா அலைபேசியில், "எத்தன பேரு உக்காரலாம்யா?" என்று கேட்டபோது, "நாலு பேரும்மா" என்று தம்பி சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

2022-ஆம் ஆண்டுக் கார். விற்றவர், இரண்டாம் குழந்தை பிறக்கப்போவதால் கொடுத்துவிடுவதாகச் சொன்னார். அப்போது காரில் கோடைக்கால டயர்கள் மாட்டியிருந்தன. குளிர்கால டயர்கள் நான்கையும் தனி ரிம்மோடு இலவசமாகவே தந்தார். பின்னிருக்கையை மடக்கினால் நான்கு சக்கரங்கள் உள்ளே அடங்கிவிடும். இந்தக் காரில் அந்த இருக்கையின் உண்மையான பயன் அதுதான்போலும்! மறுநாள் காலை மாற்றிக்கொள்ளலாம் என்று, அவற்றை ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். பகலெல்லாம் தூறல். மாலையில் குளிர் இறங்கியது.

கோடைக்கால டயரின் ரப்பர் ஏறக்குறைய 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறுகத் தொடங்கும். உறைநிலைக்குக் கீழே அது பிளாஸ்டிக்போலாகிவிடும். இதைத் தம்பி நன்கு அறிவான். வாங்குமுன் நமக்கு விளக்கியவனே அவன்தான். வீட்டிற்கு இன்னும் இரண்டு கிலோமீட்டர். ஒரு தெருமுனையில் நிறுத்தப் பலகை. முப்பது கிலோமீட்டர் வேகத்திற்கு மேல் இல்லை. பிரேக்கை மிதித்தான். காலடியில் பிரேக் படபடவென்று அதிர்ந்தது, கார் நிற்கவில்லை. பாசி படர்ந்த படித்துறையில் கால் வழுக்கும்போது, விழுவதற்கு முன் ஒரு கணம் உடம்பு எடையற்றுப் போகுமே, அவ்வாறு இருந்தது. ஓசையே இல்லாமல் கோட்டைக் கடந்து சந்தியின் நடுவில் போய் நின்றோம். இடப்புறமிருந்து வந்த வேன் ஒன்று ஒலியெழுப்பி, வளைந்து, நூலிழையில் விலகிச் சென்றது. அது வந்த பக்கத்தில் அமர்ந்திருந்தவன் தம்பி.

வெகுநேரம் எவரும் பேசவில்லை. தம்பியின் கைகள் ஸ்டியரிங்கிலிருந்து இறங்கவில்லை. எங்களைக் காத்திருக்கக்கூடிய டயர்கள் நான்கும் எங்கள் முதுகுக்குப் பின்னால், மடித்த இருக்கையின்மேல் சுகமாக அமர்ந்து எங்களோடு வந்துகொண்டிருந்தன. "ரெண்டு கிலோமீட்டர்தானேன்னு நெனச்சேன்" என்றான். அதற்கு மேல் அவனும் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. காரை ஓரங்கட்டிவிட்டு, அந்தக் குளிரில், தெருவிளக்கின் கீழ் மண்டியிட்டு, ஜாக்கி போட்டு, நான்கு சக்கரங்களையும் அங்கேயே மாற்றினோம். நட்டுகளைக் கழற்றும்போது விரல்களில் உணர்வே இல்லை. கையுறையோடு செய்யவும் வரவில்லை. ஒன்றரை மணிநேரம் ஆயிற்று. நாமும் தம்பியும் சேர்ந்து ஒரு வேலை செய்தது, அப்பாவின் காரியத்திற்குப் பிறகு அதுவே முதல்முறை.

குளிர்கால டயரைக் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். குளிரிலும் அழிப்பான்போல் மெத்தென்றிருக்கும். அதன் பட்டைகளில் பிளேடால் கீறியதைப்போல நுண்ணிய வெட்டுகள் நூற்றுக்கணக்கில் உண்டு. அவையே பனியைக் கவ்வுகின்றன. பக்கவாட்டில் மூன்று சிகரங்களுள்ள மலையும் அதற்குள் ஒரு பனித்துகளும் பொறித்திருக்கும். அண்டை மாகாணமான கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் சட்டப்படி கட்டாயம். ஒன்டாரியோவில் கட்டாயமில்லை, மாட்டியவருக்குக் காப்பீட்டுக் கட்டணத்தில் தள்ளுபடி தரவேண்டும் என்று 2016 முதல் விதி இருக்கிறது. கோடையில் 18 அங்குலச் சக்கரம் ஓடிய இடத்தில் இப்போது 17 அங்குலம். பார்வைக்கு அழகு குறைவுதான். டயர் ஒன்று தரையைத் தொடும் பரப்பு ஓர் உள்ளங்கை அளவே என்பதை, அன்று தரையில் மண்டியிட்டிருந்தபோது கண்ணால் கண்டோம். 228 குதிரைகளும் அந்த நான்கு உள்ளங்கைகளை நம்பியே ஓடுகின்றன.

ஜனவரியில் தம்பி, குளிர்கால ஓட்டுநர் பயிற்சி தரும் இடமொன்றில் இருவருக்கும் பெயர் கொடுத்துவிட்டான். பூட்டிய வளாகம், கண்ணாடிபோல் உறைந்த தரை. பயிற்றுநர் அறுபதை நெருங்கிய ஓர் அம்மையார். வழுக்கலைத் தானே திருத்தும் மின்னணு ஏற்பாட்டை அணைத்துவிட்டு ஓட்டச் சொன்னார். ஊரில் பழைய ஆல்ட்டோ ஓட்டும் நமக்கு, இடப்பக்க ஸ்டியரிங்கும் வலக்கையில் கியரும் சேர்ந்தே போதுமான தண்டனையாக இருந்தன. முதல் வளைவில் ஆக்சிலரேட்டரைச் சற்றே அழுத்தினோம். வால் சுழன்று முன்னால் வந்துவிட்டது. பனிக்குவியல் ஒன்று நெருங்க நெருங்க, கண்ணை அதிலிருந்து எடுக்க முடியவில்லை. கார் நேராக அதிலேயே போய்ப் புதைந்தது. எதைப் பார்க்கிறீர்களோ அங்கேதான் கை திருப்பும், குவியலைப் பார்க்காதீர்கள், போகவேண்டிய வழியைப் பாருங்கள் என்றார் அம்மையார். சொல்ல எளிது. ஏழாவது முறைதான் கண் கேட்டது. காலை மெல்ல எடுத்து, வால் போகும் திசையிலேயே ஸ்டியரிங்கை ஒடித்துக்கொண்டு, கண்ணை வழியில் வைத்தபோது கார் தானாக நேரானது. பக்கத்து இருக்கையில் தம்பி கைதட்டினான்.

அகநானூற்றின் நான்காம் பாட்டை இருபதாண்டாக நடத்துகிறோம். மனைவியை நோக்கி விரையும் தலைவன், பூவிலுள்ள வண்டுகள் அஞ்சாதிருக்கத் தேர்மணியின் நாவைக் கட்டிவிட்டு வருகிறான். அருள் உள்ளம் என்று விளக்கி அடுத்த பாட்டுக்குப் போய்விடுவதே வழக்கம். வீடு சேரும் அவசரத்தில் இருப்பவனுக்கு அவ்வளவு மென்மையாகத் தேர் செலுத்த வருவது எத்தனை கடினம் என்று அதற்கு முன் எண்ணிப் பார்த்ததில்லை.

பிப்ரவரி நடுவில் பின்பனி தன் முழு உருவைக் காட்டியது. ஒரே வாரத்தில் இரண்டு புயல். தெருவெங்கும் அரை மீட்டர் அளவுக்குப் பனி. 17-ஆம் தேதி திங்கட்கிழமை அம்மாகாணத்தில் 'குடும்ப நாள்' என்னும் பொது விடுமுறை. பனி அகற்றும் வண்டி தெருவைச் சுத்தம் செய்துவிட்டு, அள்ளியதையெல்லாம் எங்கள் வாசலில் கரையாகக் கட்டிவிட்டுப் போயிற்று. ஜிஆர்86-இன் வயிற்றுக்கும் தரைக்கும் இடைவெளி பதின்மூன்று சென்டிமீட்டர் அளவுதான். தம்பி பின்னோக்கி எடுத்தான். கார் அந்தக் கரையின்மேல் வயிறு பொருந்தி, படகுபோல் அமர்ந்துவிட்டது. குளிர்கால டயரால் என்ன செய்ய முடியும், தரையே எட்டாதபோது? ஆளுக்கொரு மண்வாரியோடு இறங்கினோம்.

அப்போதுதான் தூதுரைத்தோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியிராத வேலை அது, அதனால் இயன்றது. அம்மாவுக்கு எழுபத்திரண்டு ஆகிறது, உன்னை வந்துவிடச் சொல்கிறாள் என்றோம். தம்பி காருக்கடியில் கிடந்த பனியை வாரி எறிந்துகொண்டே, "அங்க வந்தா எல்லாரும் என்னயப் பாவமா பாப்பாங்க அண்ணே. இங்க ஒருத்தரும் பாக்கறதில்ல. அதுவும் கஷ்டந்தான். ஆனா ரெண்டுல இது பரவால்ல" என்றான். மறுத்துச் சொல்ல நம்மிடம் ஒன்றுமில்லை. அவனைப் பாவமாகப் பார்த்தவர்களில் நாமும் ஒருவர்.

அன்று பிற்பகல் பியர்சன் விமான நிலையத்தில் தரையிறங்கிய விமானமொன்று ஓடுபாதையிலேயே தலைகீழாகக் கவிழ்ந்தது. உள்ளிருந்த 80 பேரும் பிழைத்தனர். ஊரில் பொழுது விடிந்ததும் தொலைக்காட்சியில் அதைக் கண்டுவிட்டு அம்மா பதறி அழைத்தாள். "ஒரு வாரத்துல அண்ணன் வந்துருவாம்மா" என்றான் தம்பி. மறுமுனை சற்று நேரம் மௌனமாக இருந்தது. பிறகு அம்மா, "நீ அந்தக் காரப் பையப் போ" என்றாள்.

விமானம் ஏற்றிவிட வந்த நாளும் பனி பெய்துகொண்டிருந்தது. பெட்டிகளுக்காகப் பின்னிருக்கையை மடித்திருந்தான். சாலை முழுதும் கண்ணை நெடுந்தொலைவில் வைத்து, இரண்டாம் மூன்றாம் கியரிலேயே, ஒரு முறைகூட வால் ஆடாமல் ஓட்டினான். இறங்கும்போது, ஜூனில் அம்மாவை அழைத்து வர விசாவுக்கு எழுதப்போவதாகச் சொன்னான். ஊருக்கு வருவதைப் பற்றி அவன் பேசவில்லை, நாமும் எடுக்கவில்லை.

ஏப்ரலில் கோடைக்கால டயர் மாட்டியதும் படங்கள் அனுப்பியிருந்தான். உப்புக்கறை போகக் கழுவி, பின்னிருக்கையை நிமிர்த்தி, அதையும் தனியே ஒரு படம் எடுத்திருந்தான். அம்மா அலைபேசியைக் கண்ணருகே வைத்து நெடுநேரம் பார்த்தாள்.

"முன்னால நான் உக்காந்துருவேன். பின்னால யாரு?" என்றாள்.

பெட்டி வைத்துக்கொள்ளலாம் என்றோம்.