அழாத பாட்டி

2014இல் கான் திரைப்பட விழாவின்போது, அங்கே அமெரிக்கன் பெவிலியன் நடத்திய வளரும் இயக்குநர்கள் திரையிடலில் நம் நாட்டுப் பெண் ஒருவரின் படம் சிறந்த மாணவர் ஆவணப்படமாகத் தேர்வானது. இந்திராணி கோபாலின் 'தி கேம் சேஞ்சர்'. (நம்மாட்கள் உடனே 'கான் விருது' என்று சுருக்கிவிட்டார்கள். அது விழாவின் அதிகாரப்பூர்வப் போட்டி இல்லை. அதனால் படம் ஒன்றும் குறைந்துவிடவில்லை.) மலேசியாகினியில் வீடியோ செய்தியாளராக இருந்தவர், ஃபுல்பிரைட் உதவித்தொகையில் நியூயார்க்கின் ஹோஃப்ஸ்ட்ரா பல்கலைக்கழகத்துக்கு ஆவணப்படம் படிக்கப் போனபோது எடுத்தது.

அந்த மாநிலத்துச் சிறை ஒன்றில் ஆண் கைதிகளுக்கு நவீன நடனம் சொல்லித்தந்த சூசன் ஸ்லாட்னிக் என்ற ஆசிரியையைப் பற்றிய படம். கைதி என்றதும் நமக்கு முதலில் வரும் கேள்வி "என்ன கேஸு?" என்பதுதான். இந்திராணியின் கவனம் வேறு இடத்தில் இருக்கிறது. நடனம் இந்த ஆண்களை என்ன செய்கிறது என்பதுதான் அவருக்கு முக்கியம். பட்டமும் விருதும் வாங்கியதோடு அவர் கிளம்பிவிடவில்லை. விடுதலையாகி வெளியே வந்தவர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து 'இன்கார்சரேட்டட் ரிதம்' என்ற முழுநீளப் படமாக்கினார். விருதைவிட எனக்கு இதுதான் பெரிசு.

இதை இப்போது எழுதக் காரணம் என் சித்தி மகள். கல்லூரியில் இறுதியாண்டு. கையில் கடன் வாங்கிய கேமரா.

நாங்கள் இருப்பது செடெனாக்கில். ஜோகூர், கூலாய் மாவட்டம். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் போகிறவர்களுக்கு அது வெறும் ஒரு பலகை. செம்பனை நின்ற நிலத்தில் இன்று டேட்டா சென்டர்கள். அதில் ஒன்றில் நான் குளிரூட்டும் பிரிவில் இன்ஜினியர். பாட்டி ஒரு காலத்தில் இந்தப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் உதிரிப் பழம் பொறுக்கியவர். சித்தி மகளுக்குக் கதை ரெடியாகக் கிடைத்துவிட்டது. தோட்டத்தை இழந்த பாட்டி, அதே மண்ணில் சர்வருக்குக் குளிரூட்டும் பேரன், பின்னால் ஒரு புல்லாங்குழல்.

கேமராவை வைத்ததும் அவள் கேட்டாள்: "தோட்டத்த விட்டு வரும்போது அழுதீங்களா பாட்டி?"

பாட்டிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எதுக்குடி அழணும்? குனிஞ்சு குனிஞ்சு பொறுக்கி இடுப்பு போனதுதான் மிச்சம். இப்பத்தான் நிம்மதியா உட்கார்ந்து பசியாறுறேன்."

அவள் முகத்தைப் பார்க்கணுமே. கேமராவை அணைத்துவிட்டாள்.

"அண்ணே, பாட்டி ஒத்துழைக்க மாட்டேங்குறாங்க."

அன்றிரவுதான் அவளிடம் இந்திராணியைப் பற்றிப் பேசினேன். தோட்டம் பற்றிய நம் மாணவர் படங்கள் பலவற்றில் இந்தச் சிக்கல் இருப்பதாக எனக்குத் தோன்றும். இடிந்த லயம், பாழடைந்த கோயில், கண்ணீர். அந்த இழப்பெல்லாம் உண்மைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் அழுகையை முன்கூட்டியே ஸ்கிரிப்டில் எழுதி வைத்துவிட்டு ஆளைத் தேடிப் போனால், அந்த ஆளுக்குப் படத்தில் என்ன வேலை? நாற்பது வருஷம் பெரட்டுக்குப் போய் வந்த ஒரு பெண்ணுக்குத் தெரிந்த விஷயங்கள் எவ்வளவோ இருக்கும். தோட்டம் போன கதையை மட்டுமே கேட்டால் அதில் ஒன்றுகூட வெளியே வராது.

அடுத்த சனிக்கிழமை அவள் கேள்வியை மாற்றினாள். "உதிரி எப்படிப் பொறுக்குவீங்க பாட்டி?"

பாட்டி எழுந்து கூடத்து நடுவில் குனிந்தே காட்டினார். எந்தக் கையில் சாக்கு, எப்படி மண்ணும் சருகும் சேராமல் வழிப்பது, மழை நாளில் எங்கே கால் வழுக்கும், பாம்பு எங்கே படுத்திருக்கும். பிறகு சாக்குக் கணக்கு. மண்டோர் ஒன்றைக் குறைத்து எழுதியதும், பெரட்டுக் களத்தில் எல்லார் முன்னாலும் அவர் நோட்டைப் பிடுங்கிக் கிராணியிடம் கொடுத்ததும் அப்போதுதான் வெளியே வந்தது. நானே இதைக் கேட்டதில்லை. அம்மாவும் கேட்டதில்லையாம்.

மூன்று சனிக்கிழமைகளில் நாலு மணி நேரம் பதிவாகியிருக்கிறது. விரிவுரையாளர் கேட்பது பத்து நிமிடப் படம். பாட்டி இன்னும் அந்த மண்டோரை விட்டபாடில்லை.