எனக்கு அடிக்கலையே!

வாஷிங் மெஷின் இருக்கும் பல வீடுகளில் அதன் காலடியில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு கிடக்கும். பாத்ரூம் செருப்பு அல்ல, மெஷினுக்கென்றே வைத்தது. "லேசா ஜிவ்வுங்கும், செருப்பைப் போட்டுக்கிட்டுத் தொடுங்க" என்று புதிதாக வேலைக்கு வந்த அம்மாவிடமும், ஊரிலிருந்து வந்த அத்தையிடமும் சொல்லி வைப்பார்கள். சொல்கிற தொனியில் பயமே இருக்காது. குலைக்கும், ஆனால் கடிக்காது என்று வீட்டு நாயைப் பற்றிச் சொல்வதுபோல இருக்கும்.

சாமான்களைக் கழற்றிப் பார்க்கிற பழக்கம் எனக்கு உண்டு என்பதால் அக்கம்பக்கத்தில் கூப்பிடுவார்கள். போனால் பெரும்பாலும் ஒரே கதைதான். வீட்டுக்காரர் மெஷின் மேல் உள்ளங்கையை அழுத்தி வைத்துக் காட்டுவார். "பாருங்க, எனக்கு அடிக்கலையே! இவதான் அடிக்குது அடிக்குதுங்கிறா." அவர் காலில் செருப்பு இருக்கும். கை காய்ந்திருக்கும். துணி துவைக்கிறவர் நிற்பதோ வெறுங்காலோடு, ஈரத் தரையில், சோப்புத் தண்ணீர் சொட்டும் கையோடு. தோல் நனைந்தால் அதன் மின்தடை பல மடங்கு குறைந்துவிடும். இருவரும் தொடுவது ஒரே தகடு என்றாலும் இருவர் உடம்பிலும் ஓடுவது ஒரே அளவு கரண்ட் அல்ல. இந்த வழக்கில் நான் எப்போதும் ஈரக் கையின் சாட்சியைத்தான் நம்புவேன்.

அதற்காக ஈரக் கையால் தொட்டுச் சோதிக்கச் சொல்லவில்லை. உடம்பை வைத்துச் சோதிக்கவே கூடாது. சட்டைப் பையில் செருகியிருக்கும் டெஸ்டரையும் முழுக்க நம்ப முடியாது. அதில் விளக்கு எரிந்தால் தகட்டில் மின்னழுத்தம் இருக்கிறது என்று தெரியும், எவ்வளவு கரண்ட் பாயும் என்று தெரியாது. எரியாவிட்டால் ஒன்றுமே தெரியாது.

இன்னொரு விஷயம் பலருக்கும் ஆச்சரியமாக இருக்கும். ஜிவ்வென்கிற மெஷினில் பழுதே இல்லாமல் இருக்கலாம். இப்போது வரும் ஃப்ரண்ட் லோடு மெஷின்களில் கரண்ட் நுழைகிற இடத்தில் நாய்ஸ் ஃபில்டர் ஒன்று இருக்கும். அதற்குள் ஃபேஸிலிருந்து பாடிக்கு ஒன்று, நியூட்ரலிலிருந்து பாடிக்கு ஒன்று எனக் குட்டிக் கெபாசிட்டர்கள் உண்டு. எர்த் சரியாக இருந்தால் அவை கசியவிடும் சொற்பக் கரண்ட் சத்தமில்லாமல் மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் தகடு ஏறத்தாழ 115 வோல்ட்டில், அதாவது நம் 230 வோல்ட்டின் பாதியில், நின்றுகொண்டிருக்கும். பாயக்கூடிய கரண்ட் மிகக் குறைவு என்பதால் சுருக்கென்பதோடு போகிறது. ஆனால் நாளைக்கே அடிப்பக்கமாக ஓர் எலி புகுந்து ஃபேஸ் வயரைக் கடித்து, செம்பு தகட்டில் பட்டால் முழு 230 வோல்ட்டும் அங்கே வந்து நிற்கும். அதைக் கொண்டுபோக வேண்டிய வழி முன்பே அடைபட்டிருக்கிறது என்பதைத்தான் இன்றைய ஜிவ்வு சொல்கிறது. செருப்பைப் போட்டுக்கொண்டு அந்தச் சேதியை நாம் கேட்காமல் இருந்துவிடுகிறோம்.

ஆகவே நான் முதலில் பார்ப்பது பிளக்கை. அதைப் பிடுங்கித் தரையில் வைத்த பிறகுதான் மற்ற வேலை. சுவிட்சை அணைத்தால் போதாது. வயரிங் மாறிப்போன வீடுகளில் சுவிட்ச் நியூட்ரலை மட்டும் வெட்டும், ஃபேஸ் மெஷினுக்குள் அப்படியே நிற்கும். மூன்று பின்களில் எர்த் பின் மட்டும் நீளமாகவும் தடிமனாகவும் இருப்பதற்குக் காரணம் உண்டு. செருகும்போது அது முதலில் சேர வேண்டும், பிடுங்கும்போது கடைசியில் பிரிய வேண்டும். தவறியும் வேறு துளைக்குள் போகக் கூடாது. பிளக்கைத் திறந்தால், பச்சையும் மஞ்சளும் கலந்த வயர் திருகிலிருந்து கழன்று மூலையில் சுருண்டு கிடப்பதைப் பார்க்கலாம். முனையில் களிம்பு ஏறியிருக்கும். மெஷின் அது இல்லாமலே ஓடும் என்பதால் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். அதை முறுக்கிப் பூட்டி, மல்டிமீட்டரின் ஒரு முனையை எர்த் பின்னிலும், மறு முனையைப் பின்பக்கம் பெயின்ட் படாத திருகிலும் வைத்தால் தடை கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டும். காட்டினால் மெஷின் பக்கம் எர்த் சரி. அடுத்தது சுவர்.

சுவர் எலக்ட்ரீஷியன் வேலை. பழைய வாடகை வீடுகளில் பிளக் பாயின்டின் மேல் துளைக்குப் பின்னால் கம்பியே இருக்காது. சில இடங்களில் வேலை முடிந்தால் போதும் என்று அந்தத் துளையை நியூட்ரலோடு லூப் போட்டிருப்பார்கள். அது வெறும் துளையைவிட மோசம். எங்கேயாவது நியூட்ரல் அறுந்தால், மெஷின் வழியாகச் சுற்றி வரும் ஃபேஸ் நேரே தகட்டில் ஏறிவிடும். எல்லாம் ஒழுங்காக இருக்கும் வீட்டிலும் கரியும் உப்பும் போட்ட எர்த் குழி கோடையில் காய்ந்து கிடக்கும், அல்லது அதன்மேல் கார் நிறுத்த டைல்ஸ் போட்டிருப்பார்கள்.

"எம்சிபி இருக்கே, விழுந்துடாதா?" என்று கேட்பார்கள். மெஷினுக்கான எம்சிபி பெரும்பாலும் 16 ஆம்பியர். கலிஃபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்லஸ் டால்ஸீல், எவ்வளவு கரண்ட் பாய்ந்தால் பிடித்த கையை விட முடியாமல் போகும் என்று தன்னார்வலர்களிடம் அளந்து பார்த்தார். ஆண்களுக்குச் சராசரியாக 16 மில்லி ஆம்பியர், பெண்களுக்கு 10.5. எம்சிபி அசைவதற்கு இதைப்போல ஆயிரம் மடங்கு வேண்டும். அது காப்பது வயரை, ஆளை அல்ல. ஆளைக் காப்பது 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. ஃபேஸில் போன கரண்ட் நியூட்ரலில் திரும்பாமல் வேறு வழியில் கசிந்தால் அது நொடிக்கும் குறைவான நேரத்தில் விழும். எர்த் இருந்தால் கசிவு தொடங்கியதுமே விழும். எர்த் இல்லாவிட்டால் யாராவது தொட்ட பிறகுதான் விழும். ஆகவே இரண்டும் வேண்டும்.

சும்மா சும்மா விழுகிறது என்று ஆர்சிசிபியைக் கழற்றிவிட்ட வீடுகள் உண்டு. அது சும்மா விழுவதில்லை. குளிர்ந்த தண்ணீரில் ஒழுங்காக ஓடும் மெஷின் சுடுதண்ணீர் வைத்ததும் ட்ரிப் ஆனால், சந்தேகப்பட வேண்டியது ஹீட்டரை. போர் தண்ணீரின் உப்பு படிந்து படிந்து உறை வெடித்து, தண்ணீர் உள்ளே புகுந்திருக்கும். 2,000 வாட் ஹீட்டர் என்றால் மல்டிமீட்டரில் 26 ஓம் அளவில் காட்டும். அது சரியாக இருந்தும் கசியலாம். கசிவைக் கண்டுபிடிக்க, இன்சுலேஷனைச் சோதிக்கும் மெகர் என்ற கருவி வேண்டும்.

செமி ஆட்டோமேட்டிக்கில் அடிக்கடி வருவது வேறு புகார். கரண்ட் கொடுத்தால் மோட்டார் முனகும், சுற்றாது. பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் புல்லியைக் கையால் திருப்பினால் இலகுவாகத் திரும்பும். அநேகமாகக் கெபாசிட்டர் போயிருக்கும். மாற்றுவது எளிது. ஆனால் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டருக்குள் சார்ஜ் தங்கியிருக்கும். இரண்டு வயர் வைத்த குண்டு பல்பை அதன் முனைகளுக்குக் குறுக்கே பிடித்து இறக்கி, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகே விரல் வைக்க வேண்டும். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்து பொறி பறக்கவிடுவது வேடிக்கை, வேலை அல்ல. புதிதாகப் போடுவதும் அதே மைக்ரோஃபாரட்டாக, வோல்ட் குறையாததாக இருக்க வேண்டும். எலக்ட்ரானிக் போர்டு, எரிந்த மோட்டார், வெள்ளத்தில் நின்ற மெஷின் ஆகியவற்றை நான் தொடுவதில்லை. மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு கரண்ட் கொடுத்துப் பார்ப்பதும் இல்லை.

கடைசியில் நிற்பது ஒரு தகராறு. மெக்கானிக் வந்து, "மெஷின் நல்லாதான் இருக்கு, உங்க வீட்டு எர்த் சரியில்ல" என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு போவார். வீட்டு ஓனர், "இத்தனை வருஷம் யாரும் சொல்லலையே, உங்க மெஷின்லதான் கோளாறு" என்பார். இருவருக்கும் நடுவில் வேலை நடக்காது, செருப்புதான் வரும். வீடு பார்க்கப் போனால் தண்ணீர் எப்போது வரும் என்று கேட்கிற நாம், எர்த் உண்டா, ஆர்சிசிபி உண்டா, அதன் டெஸ்ட் பட்டனை அழுத்தினால் விழுகிறதா என்றும் கேட்டுவிட்டு அட்வான்ஸ் கொடுக்கலாம். குடிவந்த பிறகு துவைக்கிறவர் அடிக்குது என்று சொன்னால், மெயினை அணைத்து, காய்ந்த கையால் பிளக்கைப் பிடுங்கி, சரிபார்க்கும்வரை அதை மாட்டாமல் இருக்க வேண்டும். மற்றவர்கள் தொட்டுப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை.