கொடையாய் வந்த சிறுநீரகமும் கண்ணின் ஒளியும்

பிறர் தந்த உறுப்பால் உயிர் வாழ்பவன் அக்கொடையை மட்டும் காத்தால் போதாது; அதைக் காக்கும் மருந்தால் வேறோர் உறுப்புக்குக் கேடு நேராமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். 9 ஆண்டுகளுக்கு முன் என் மனைவி தம் சிறுநீரகங்களுள் ஒன்றை எனக்கு அளித்தார். அன்று முதல் நான் கற்றுவரும் பாடம் இது.

பிறர் உறுப்பை நம் உடல் அந்நியமாகவே கருதும். அந்த எதிர்ப்பை அடக்க டாக்ரோலிமஸ், மைக்கோபினோலேட் முதலிய மருந்துகளுடன் பிரெட்னிசலோன் என்னும் ஸ்டீராய்டு மாத்திரையும் பலருக்குத் தரப்படுகிறது. அதன் பக்க விளைவுகளுள் ஒன்று கிளாக்கோமா எனப்படும் கண் நீர் அழுத்த நோய்.

கருவறையில் அபிஷேகம் செய்த நீர் கோமுகி வழியே வெளியேறுவதை நாம் அறிவோம். கண்ணுக்குள்ளும் தெளிந்த நீர் ஒன்று இடைவிடாது சுரந்து, சல்லடை போன்ற நுண்ணிய வழியே வடிகிறது. ஸ்டீராய்டு சிலருக்கு அவ்வழியைத் தடுத்துவிடும். நீர் வடியாமல் அழுத்தம் உயர, பார்வை நரம்பு மெல்ல நலிகிறது. அழுத்தம் பொதுவாக 10 முதல் 21 வரை இருக்க வேண்டும்.

மருத்துவர் அறிவுரைப்படி ஆண்டுதோறும் கண்களைச் சோதித்துவந்தேன். நான்காம் ஆண்டில் இடக்கண்ணின் அழுத்தம் 28. அன்றும் எழுத்துப் பலகையின் கடைசி வரியைப் பிழையின்றிப் படித்தேன், வலியில்லை, சிவப்பில்லை. ஆனால் பார்வைப் புலச் சோதனையில் ஓரப் பார்வை குறையத் தொடங்கியிருந்தது தெரிந்தது. கணக்கிலிருந்து சிறுகச் சிறுகக் கசியும் தொகை தணிக்கையில்தான் வெளிப்படும் என்பதை வங்கியில் 34 ஆண்டுகள் பணியாற்றிய நான் அறிவேன்.

“நான் தந்த சிறுநீரகம் போனாலும் போகட்டும், உங்கள் கண் போகக் கூடாது. அந்த மாத்திரையை நிறுத்திவிடுங்கள்” என்று மனைவி கலங்கினார். மருத்துவர் அதற்கு இசையவில்லை. திடீரென நிறுத்தினால் சிறுநீரகத்தை உடல் நிராகரிக்கக்கூடும். உயிருக்கே ஆபத்தும் நேரலாம் என்று விளக்கினார். சிறுநீரக மருத்துவரும் கண் மருத்துவரும் கலந்து பேசி, மாத்திரையின் அளவைப் படிப்படியாகக் குறைத்தனர். இரவுதோறும் ஒரு சொட்டு மருந்து இடுகிறேன். இப்போது அழுத்தம் 16. சிறுநீரகமும் நலமே.

கண் மருத்துவரிடம் செல்லும்போது நாம் உட்கொள்ளும் மருந்துகள் அனைத்தின் பட்டியலையும் காட்ட வேண்டும். கண் அழுத்தத்தைக் குறைக்கத் தரும் சில மாத்திரைகள் சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு ஒவ்வா. ஆஸ்துமாவுக்கோ மூட்டு நோய்க்கோ நெடுநாள் ஸ்டீராய்டு எடுப்போரும், மருந்துக் கடையில் தாமே வாங்கி ஸ்டீராய்டு சொட்டு மருந்து இடுவோரும் இந்நோய் குறித்து எச்சரிக்கையாய் இருத்தல் நலம். நீரிழிவு உள்ளோருக்கும், குடும்பத்தில் எவருக்கேனும் கிளாக்கோமா இருந்தோருக்கும் அபாயம் மிகுதி. கண்ணாடிக்கான சோதனை மட்டும் போதாது. கண் அழுத்தம், பார்வை நரம்பு, பார்வைப் புலம் ஆகிய மூன்றையும் சோதிக்கக் கேளுங்கள்.

இழந்த பார்வையைச் சுந்தரமூர்த்தி நாயனார் காஞ்சியில் ஒரு கண்ணிலும் திருவாரூரில் மறு கண்ணிலும் இறையருளால் மீளப் பெற்றார். கிளாக்கோமாவால் போன பார்வையை மீட்கும் வழியை மருத்துவம் இன்னும் காணவில்லை. எஞ்சியதைக் காக்கும் வழி உண்டு. அதுவும் அவன் அருளே. உங்கள் இல்லத்தில் ஸ்டீராய்டு உட்கொள்ளும் பெரியவர் இருந்தால், இவ்வாரமே அவரைக் கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.