பிரீமியம் கார்டும் நள்ளிரவு எஸ்எம்எஸ்ஸும்

பிரீமியம் கார்டு என்றதும் விளம்பரங்களில் வருவது என்ன? உலோக அட்டை, விமான நிலைய லவுஞ்சு, ரிவார்டு பாயிண்ட். வாடிக்கையாளர் நிஜமாகவே கேட்பது இவை மட்டும்தானா?

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். வெளிநாட்டில் ஒரு லட்ச ரூபாய்க்குச் செலவு. கார்டின் மார்க்அப் 3.5 சதவீதம் என்றால் 3,500 ரூபாய். அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 630 ரூபாய். ஆக மொத்தம் 4,130! லவுஞ்சு இட்லியும் காபியும் இதற்கு ஈடாகுமா? விவரம் தெரிந்தவர்கள் முதலில் மார்க்அப்பைத்தான் விசாரிக்கிறார்கள்.

அடுத்தது பாதுகாப்பு. நள்ளிரவில், செய்யாத செலவுக்கு எஸ்எம்எஸ் வருகிறது. அந்த நிமிடத்தில் ரிவார்டு பாயிண்ட் யாருக்கு ஞாபகம் வரும்? கார்டை உடனே நிறுத்த வேண்டும், அவ்வளவுதான். ஆனால் கார்டை ஆன், ஆஃப் செய்வதையும் வரம்பு வைப்பதையும் 2020 அக்டோபர் முதல் ரிசர்வ் வங்கி டெபிட், கிரெடிட் கார்டுகளுக்குக் கட்டாயமாக்கிவிட்டது. சாதாரண சம்பளக் கணக்கின் டெபிட் கார்டிலும் அது உண்டு.

அப்படியானால் ஆண்டுக் கட்டணம் எதற்கு? அந்த நேரத்தில் மறுமுனையில் ஒரு மனிதர் பேச வேண்டும். எண்களை அழுத்தச் சொல்லும் இயந்திரக் குரல் போதாது. புகார் கொடுத்தவரை அலையவிடாமல் பணத்தைத் திருப்பித் தர வேண்டும்.

அட்டையின் பளபளப்பு பர்ஸுக்குள் போனதும் மறைந்துவிடும். கூப்பிட்டால் போனை எடுக்கிறார்களா என்பதுதான் கடைசியில் நிற்கும்.