குறைமாதக் குழந்தை: நாற்பது நாள் காத்திருக்கக் கூடாத ஒரு பரிசோதனை

ஆம்பூரில் ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் உட்காரும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். வயிற்றில் இரட்டைக் குழந்தைகள். ஏழாம் மாதத்திலேயே வலி வந்துவிடுகிறது. ஆம்புலன்ஸ் வேலூருக்கு ஓடுகிறது. பிறந்த இரண்டும் நேராக என்.ஐ.சி.யு-வின் கண்ணாடிப் பெட்டிக்குப் போய்விடுகின்றன.

அதன்பிறகு அந்த வீட்டில் எல்லாமே கிராம் கணக்குதான். 'இன்னைக்கு இருபது கிராம் ஏறியிருக்கு' என்றால் அன்று அப்பாவுக்குச் சாப்பாடு இறங்கும். அம்மா பாலைப் பீய்ச்சிக் கொடுத்தனுப்புகிறார். சில நாளில் நர்ஸ் ஒரு குழந்தையை அவர் நெஞ்சோடு, தோல் மேல் தோல் படும்படி வைத்துக் கட்டிவிடுகிறார். இதற்குப் பெயர் கங்காரு பராமரிப்பு. 1970-களின் இறுதியில், கொலம்பியாவில் இன்குபேட்டர் பற்றாமல் தவித்த டாக்டர்கள் தொடங்கியது. பிறந்த உடனேயே இதை ஆரம்பிக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2022-ல் சொல்லிவிட்டது. அப்பாவும் செய்யலாம். இரட்டைக் குழந்தைகள் என்றால் அவருக்கும் வேலை இருக்கிறது!

26-வது நாள் டிஸ்சார்ஜ் என்று வைத்துக்கொள்வோம். கையில் கொடுக்கும் சீட்டில் மருந்து, தடுப்பூசி எல்லாவற்றுக்கும் கீழே ஒரு வரி இருக்கும்: 30 நாளுக்குள் கண் பரிசோதனை. சிக்கல் அங்கேதான்.

"பச்சைப் புள்ளைங்கள பஸ்ல தூக்கிட்டு அலைய வேணாம்மா. நாப்பது கழியட்டும்" என்பார் மாமியார். "இல்லத்தே, டாக்டரம்மா எழுதியிருக்காங்க" என்று மருமகள் இழுப்பார். அந்த மாமியார் மேல் கோபப்படவும் முடியாது. கூட்டத்தில் கொண்டுபோகாதீர்கள், தொற்று வந்துவிடும் என்று சொல்லி அனுப்பியதே ஆஸ்பத்திரிதான். போதாததற்கு, குழந்தைகள் கண்ணை உருட்டி உருட்டி நன்றாகத்தான் பார்க்கின்றன.

அந்த ஒரு வரி சொல்லப்படாமலே போனால் என்ன ஆகும்? சென்னையில் ஒரு குடும்பம் அதை அனுபவித்திருக்கிறது. 1996 ஆகஸ்டில் எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் 29-வது வாரத்தில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. எடை 1,250 கிராம். மூன்று வாரத்துக்கு மேல் அங்கே இருந்து பிழைத்து வீட்டுக்கு வந்தது. கண்ணைப் பார்க்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. நாலரை மாதம் ஆனபோது, தடுப்பூசிக்குப் போன இடத்தில்தான் விஷயம் தெரிந்தது. அமெரிக்கா வரை கொண்டுபோயும் பார்வை திரும்பவில்லை. தந்தை வழக்குப் போட்டார். 2015 ஜூலை 1 அன்று உச்ச நீதிமன்றம் 1.8 கோடி ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. அப்போது அந்தப் பெண்ணுக்கு வயது 18.

அந்த நோய்க்கு டாக்டர்கள் வைத்திருக்கும் பெயர் ஆர்.ஓ.பி. கண்ணின் உள்ளே விழித்திரையில் ரத்தக் குழாய்கள் வளர்ந்து முடிவது கர்ப்பத்தின் கடைசி வாரங்களில். அதற்கு முன்பே பிறந்துவிட்டால் மீதி வளர்ச்சி வெளியில்தான் நடக்க வேண்டும். சில குழந்தைகளுக்கு அது தாறுமாறாகிவிடுகிறது. முற்றினால் விழித்திரையே பிய்ந்து வந்துவிடும். உயிர் காக்கக் கொடுக்கும் ஆக்சிஜன் அளவு மீறுவதும் ஒரு காரணம். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. சரியான சமயத்தில் கண்டுபிடித்தால் லேசரோ, கண்ணுக்குள் போடும் ஊசியோ பெரும்பாலும் பார்வையைக் காப்பாற்றிவிடும். சிகிச்சை தேவை என்று சொன்னால் இரண்டு மூன்று நாளுக்குள் செய்தாக வேண்டும்.

34 வாரத்துக்கு முன் பிறந்தாலோ, எடை 2 கிலோவுக்குக் குறைவு என்றாலோ இந்தப் பரிசோதனை அவசியம். 28 வாரத்துக்கும் முந்தைய குழந்தைக்கு இரண்டு, மூன்று வாரத்திலேயே பார்க்க வேண்டும். கவனிக்க: நாளைப் பிறந்த தேதியிலிருந்து எண்ண வேண்டும், டிஸ்சார்ஜ் ஆன தேதியிலிருந்து அல்ல. 26-வது நாள் வீட்டுக்கு வந்தவர்களுக்கு மிச்சம் நான்கே நாள். இரட்டையரில் ஒன்றுக்குக் கண் நன்றாக இருக்கிறது என்றால் மற்றதுக்கும் அப்படியே என்று அர்த்தமில்லை. ஒரு தடவையோடும் முடியாது. ரத்தக் குழாய் முழுதாக வளரும்வரை டாக்டர் சொல்லும் தேதிகளில் போக வேண்டியிருக்கும்.

வேலூர்க்காரர்களுக்குத் தெரிந்த ஒரு கட்டடம் இங்கே நினைவுக்கு வரும். ஐடா ஸ்கடர் 1902-ல் பெண்களுக்காகத் திறந்த மேரி டேபர் ஷெல் மருத்துவமனைதான் பின்னாளில் சி.எம்.சி-யின் கண் மருத்துவமனை ஆனது. ஆண் டாக்டர் பிரசவம் பார்க்கக் கூடாது என்ற வழக்கத்தால் ஒரே இரவில் மூன்று பெண்கள் இறந்ததைப் பார்த்துத்தான் அவர் டாக்டருக்கே படிக்கப் போனார்.

இத்தனை தடவை அலைந்தால் வேலை என்னாவது? ஷூ கம்பெனி அம்மாவுக்கு இது நியாயமான பயம். முதல் பிரசவத்துக்கு 26 வாரம் சம்பளத்துடன் விடுப்பு என்பது பலருக்குத் தெரியும். குறைப்பிரசவத்தால் உடம்பு முடியவில்லை என்றால், உரிய மருத்துவச் சான்றோடு கூடுதலாக ஒரு மாதம் வரை கேட்கலாம் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. இ.எஸ்.ஐ-யிலும் உண்டு.

கிளம்பும்போது டிஸ்சார்ஜ் சீட்டை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். பரிசோதனைக்கு ஒரு மணி நேரம் முன்பே பால் கொடுத்து முடித்துவிடுவது நல்லது, இல்லாவிட்டால் கக்கிவிடும். பாப்பாவை விரிக்கச் சொட்டு மருந்து விட்டுக் காத்திருக்கச் சொல்வார்கள். பார்க்கும்போது வீறிட்டு அழும். முடிந்ததும் எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொள்ளலாம். பழகிய இடம்தானே, அடங்கிவிடும்.