ராத்திரி 12 மணிக்கு கோயம்பேடு போலாமா?

சென்னையில சுத்திப் பார்க்கணும்னு சொன்னா மெரினா, மாமல்லபுரம், மால்னு ஒரு லிஸ்ட் வெச்சிருப்பீங்க. அதுல இன்னொரு இடத்தையும் சேர்த்துக்குங்க பாஸ். டிக்கெட் கிடையாது. ஏ.சி. கிடையாது. செல்ஃபி எடுக்க நின்னா மூட்டை வந்து முதுகுல இடிக்கும். ஆனா, இன்னிக்கு மத்தியானம் நீங்க சாம்பார்ல இருந்து ஓரமா ஒதுக்கி வெச்சீங்களே கத்திரிக்காய், அதோட முழு ஜாதகமும் அங்கே தெரியும்.

அந்த இடம், கோயம்பேடு மொத்த மார்க்கெட்!

'இதென்ன, பஸ் ஏறப் போறப்ப பார்க்கிற இடம்தானே'ன்னு உதட்டைப் பிதுக்காதீங்க. தென்மாவட்ட பஸ்கள்தான் இப்போ கிளாம்பாக்கத்துக்குப் போயிடுச்சு. மார்க்கெட் அங்கேயேதான் இருக்கு. ஜார்ஜ் டவுன்ல கொத்தவால் சாவடி சந்துகள்ல மூச்சு முட்டிக்கிட்டு இருந்த மொத்த வியாபாரத்தை 1996-ல இங்கே கொண்டுவந்தாங்க. கிட்டத்தட்ட 295 ஏக்கர் வளாகம். காய்க்கு ஒரு பக்கம், பழத்துக்கு ஒரு பக்கம், பூவுக்கு ஒரு பக்கம்னு ஆயிரக்கணக்கான கடைகள். சென்னையோட வயிறு இதுதான்.

ரெண்டு விஷயம் மட்டும் ஞாபகம் வெச்சுக்குங்க. பழைய செருப்பு போட்டுக்கிட்டுப் போங்க. 'வழி... வழி...'னு குரல் கேட்டா யோசிக்காம ஒதுங்குங்க. அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் தலையில ஒரு மூட்டை இருக்கும். அவரால நிக்க முடியாது.

ராத்திரி 12 மணி: லாரிகள் வர்ற நேரம்

ஹாஸ்டல்ல நீங்க அரட்டை அடிச்சுக்கிட்டிருக்கிற நேரத்துலதான் இங்கே 'காலை' ஆரம்பிக்குது. லாரியோட நம்பர் பிளேட்டைப் படிச்சுக்கிட்டே நடங்க. மினி இந்தியா டூர் போன மாதிரி இருக்கும். கர்நாடகாவோட கோலார் பக்கத்துல இருந்தும், ஆந்திராவோட மதனப்பள்ளியில இருந்தும் தக்காளி. நாசிக் பக்கத்துல இருந்து வெங்காயம். ஊட்டியில இருந்து கேரட். ஒட்டன்சத்திரத்துல இருந்து முருங்கை. தேனியில இருந்து வாழைத்தார்.

ஏன் ராத்திரியில? வெயில்தான் காரணம். பறிச்ச காய்க்கும் உயிர் இருக்கு. அது மூச்சு விடும், சூடாகும், தண்ணியை இழக்கும். வெப்பம் ஏற ஏற இந்த வேகமும் ஏறும். இங்கே பெரும்பாலான காய்கறி குளிர்சாதன வண்டியில வர்றது இல்லை. தார்ப்பாய்தான் கூரை, ராத்திரிக் காத்துதான் ஃப்ரிட்ஜ். அதனால சூரியன் முழிக்கிறதுக்குள்ள வேலையை முடிச்சாகணும்.

இதுல தக்காளிதான் ரொம்ப அவசரக்காரன். ஒரு பழம் கனிஞ்சா அதுல இருந்து எத்திலீன்னு ஒரு வாயு வரும். அந்த வாயு பக்கத்துப் பழத்தையும் 'நீயும் கனி'ன்னு கிளப்பி விடும். பெட்டிக்கு அடியில ஒண்ணு நசுங்கினா, பக்கத்துல இருக்கிறதும் சீக்கிரம் கெட ஆரம்பிச்சிடும்.

அதிகாலை 3 மணி: நஷ்டம் யார் தலையில?

இப்போதான் விலை பேசுற நேரம். இங்கே கமிஷன் மண்டிங்கிற வார்த்தையைத் தெரிஞ்சுக்குங்க. பல கடைக்காரங்க காயை விலை கொடுத்து வாங்கி வெச்சு விக்கிறவங்க இல்லை. விவசாயி அனுப்பின சரக்கை வித்துக் கொடுத்து, அதுல கமிஷன் எடுத்துக்கிறவங்க. அப்போ லாரி மூணு மணி நேரம் லேட்டாகி, விலை இறங்கிட்டா? அடிப்பெட்டி நசுங்கிட்டா? அதுக்குத் தகுந்த மாதிரி கழிச்சுக்கிட்டுதான் பில் வரும். இருநூறு, முந்நூறு கிலோமீட்டர் தள்ளி, தன்னோட காய் எந்தக் கடையில எந்த நிலைமையில இறங்குச்சுன்னு பார்க்கவே முடியாத ஒருத்தர் தலையிலதான் அந்த நஷ்டம் விடியும்.

2023-ம் வருஷத்தை ஞாபகப்படுத்திப் பாருங்க. ஜூலையில சென்னையில தக்காளி கிலோ நூறைத் தாண்டி எகிறிச்சு. அரசாங்கமே ரேஷன் கடையில கிலோ 60 ரூபாய்க்கு வித்துச்சு. ஊரெல்லாம் தக்காளி மீம்ஸ்! அந்த விலையைப் பார்த்த விவசாயிங்க தக்காளியை நட்டாங்க. எல்லாரோட செடியும் ஒரே நேரத்துல காய்ச்சது. செப்டம்பர்ல விலை தரையில விழுந்து, ஆந்திராவுல தக்காளியை ரோட்டோரம் கொட்டினாங்க. பறிக்கிற கூலி, வண்டி வாடகை, கமிஷன் எல்லாம் போக கையில எதுவும் நிக்காதுன்னா, கொட்டுறதுதான் அவருக்கு 'லாபம்'. ஒரு கிலோ தக்காளி விளைய, உலக சராசரியில சுமார் 200 லிட்டர் தண்ணி செலவாகுது. அந்தத் தண்ணியும் சேர்ந்துதான் ரோட்டோரம் போச்சு.

காலை 8 மணி: கூறு கட்டுற கலை

சில்லறை வியாபாரிங்க மீன்பாடி வண்டியிலயும் குட்டியானையிலயும் சரக்கை ஏத்திக்கிட்டுக் கிளம்பியிருப்பாங்க. அப்புறம் வர்றவங்களைத்தான் நீங்க கவனிக்கணும். ஓரம் வாடின பீன்ஸ், ஒரு பக்கம் அடிபட்ட தக்காளி, வளைஞ்ச வெள்ளரி... ரெண்டாம் தரத்தைக் குறைஞ்ச விலைக்கு வாங்கிட்டுப் போய், பிளாட்பாரத்துல சாக்கை விரிச்சு, கூறு கட்டி விக்கிற அம்மாக்கள்.

கூறுங்கிறது ரொம்பப் புத்திசாலித்தனமான கண்டுபிடிப்பு. எடை கிடையாது, தராசு கிடையாது. அழகா இருக்கிற நாலை மேலே வெச்சு, அடிபட்ட நாலைக் கீழே வெச்சு ஒரு விலை சொல்வாங்க. வாங்குறவருக்கும் அது தெரியும். தெரிஞ்சேதான் வாங்குவார். கெட்ட பாகத்தை அரிஞ்சு போட்டுட்டு மிச்சத்தைக் குழம்புல போட்டா, யாருக்குத் தெரியப்போகுது?

மாநாடு போட்டு 'உணவு வீணாவதைத் தடுப்பது எப்படி'ன்னு பவர்பாயின்ட் காட்டுறவங்க, முதல்ல இந்தச் சாக்கு விரிப்பைத்தான் வந்து பார்க்கணும். எந்தத் திட்டமும் இல்லாம தினமும் டன் கணக்குல காயைக் குப்பைக்குப் போகாமக் காப்பாத்துறவங்க இவங்கதான். பதிலுக்கு அவங்களுக்குக் கிடைக்கிறது, 'கடையை எடு'ங்கிற அதட்டல்.

காலை 10 மணி: மிச்சம்

இப்போ கடைகளுக்குப் பின்னாடி வாங்க. மூக்கைப் பொத்திக்கலாம், தப்பில்லை. முட்டைகோஸ் மேல்தழை, காலிஃபிளவர் இலை, வாழைத்தண்டுச் சருகு, நசுங்கின தக்காளி, வாடின பூ. மலை மாதிரின்னு சொன்னா மிகை இல்லை. மாடுங்க ஒரு பக்கம் மேயும். இன்னொரு பக்கம், கையில பையோட சிலர் குனிஞ்சு நல்லதைப் பொறுக்கிக்கிட்டிருப்பாங்க. அவங்களை மட்டும் போட்டோ எடுக்காதீங்க. ராத்திரிச் சமையலுக்குக் காய் தேடி வந்தவங்க அவங்க.

இந்தக் குவியலை என்ன பண்றது? நல்ல யோசனை ஒண்ணு முன்னாடியே இருந்துச்சு. ஒரு நாளைக்கு 30 டன் கழிவுல இருந்து எரிவாயு எடுத்து, மின்சாரம் தயாரிக்கிற ஒரு நிலையத்தை 2005-ல இங்கே தொடங்கினாங்க. ஆனா அது நீடிச்சு ஓடலை. ஐதராபாத்ல போயன்பள்ளி மார்க்கெட்டைப் பாருங்க. ஒரு நாளைக்குச் சுமார் 10 டன் கழிவு, அதுல 500 யூனிட் வரைக்கும் மின்சாரம், கூடவே 30 கிலோ அளவுக்கு எரிவாயு. மார்க்கெட் விளக்கும் எரிஞ்சுது, கேன்டீன் அடுப்பும் எரிஞ்சுது. அடிப்படைத் தொழில்நுட்பம் ரெண்டு ஊருக்கும் ஒண்ணுதான். சாக்கையும் பிளாஸ்டிக்கையும் பிரிச்சு, தினமும் கழிவைச் சுத்தமாக் கொண்டுவந்து போடுற ஒழுங்குதான் கஷ்டம். இன்ஜினீயரிங் படிக்கிறவங்களே, உங்க ஃபைனல் இயர் புராஜெக்ட்டுக்கு இதைவிட நல்ல கேள்வி கிடைக்குமா?

எரிவாயுவா மாத்தாட்டி என்ன ஆகும்? குப்பைமேட்டுக்குப் போகும். காத்து இல்லாம அழுகுற உணவுல இருந்து மீத்தேன் கிளம்பும். நூறு வருஷக் கணக்குல பார்த்தா, கார்பன் டை ஆக்சைடைவிட ஏறத்தாழ 28 மடங்கு பூமியைச் சூடாக்குற வாயு அது. உலகத்துல வெளியாகுற பசுமைக்குடில் வாயுக்கள்ல 8-ல இருந்து 10 சதவிகிதம் வீணாப்போன உணவோட கணக்குல வருதுன்னு ஐ.நா. சொல்லுது.

குற்றவாளி யாரு?

இந்தக் குவியலைப் பார்த்துட்டு, 'ச்சே... எவ்வளவு வேஸ்ட் பண்றாங்க'ன்னு தலையை ஆட்டிட்டுக் கிளம்புறதுதான் ஈஸி. கொஞ்சம் பொறுங்க. கணக்கு வேற மாதிரி போகுது.

'இந்தியாவுல 40 சதவிகிதம் காய்கறி, பழம் வீணாகுது'ன்னு மேடையில அடிக்கடி சொல்வாங்க. லூதியானாவுல இருக்கிற மத்திய அறுவடைப் பின்சார் தொழில்நுட்ப நிறுவனம் நாடு முழுக்க அளந்து பார்த்து, 2015-ல வெளியிட்ட கணக்கு வேற. அறுவடையில இருந்து கடை வரைக்கும் தக்காளியில சுமார் 12 சதவிகிதம், கொய்யாவுல சுமார் 16 சதவிகிதம். இதுவும் சின்ன நம்பர் இல்லை. ஆனா 40 இல்லை.

அடுத்தது, 2024-ல ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு வெளியிட்ட அறிக்கை. 2022-ம் வருஷம் மட்டும் கடைக்கும் வீட்டுக்கும் வந்து சேர்ந்த பிறகு உலகம் குப்பையில போட்ட உணவு 105 கோடி டன். கிட்டத்தட்ட 78 கோடி பேர் பசியோட இருந்த அதே காலத்துல! அதுல கடைகளோட பங்கு 12 சதவிகிதம்தான். ஹோட்டல், கேன்டீன், கல்யாண மண்டபம் மாதிரி இடங்கள் 28. மிச்சம் 60 சதவிகிதம்? வீடுகள்!

அதாவது, கோயம்பேட்டுக் குப்பை நம்ம கண்ணுல படுறதுக்குக் காரணம், அது ஒரே இடத்துல குவியுது. நம்ம வீட்டுக் குப்பை ஒவ்வொரு வாளியா, ஒவ்வொரு கறுப்புப் பையா பிரிஞ்சு போறதால நாறுறது இல்லை. அதே அறிக்கைப்படி ஒரு இந்தியர் வீட்டுல வருஷத்துக்கு வீணாகுறது சுமார் 55 கிலோ. உலக சராசரி 79. முருங்கைச் சக்கை, வாழைப்பழத் தோல்னு சாப்பிட முடியாததும் இந்தக் கணக்குல சேரும். அப்படியும் நிம்மதிப் பெருமூச்சு விடுற நம்பரா இது?

தென்கொரியாக்காரங்க என்ன பண்ணினாங்க தெரியுமா? உணவுக் கழிவை நேரடியா மண்ணுல புதைக்க 2005-ல தடை போட்டாங்க. 2013-ல இருந்து, எவ்வளவு கொட்டுறீங்களோ அவ்வளவு காசு! பல அபார்ட்மென்ட்கள்ல கார்டைக் காட்டினாத்தான் தொட்டி திறக்கும், கொட்டினதும் எடை பார்க்கும். இப்போ அங்கே சேருற உணவுக் கழிவுல 95 சதவிகிதத்துக்கு மேல உரமாவோ, தீவனமாவோ, எரிவாயுவாவோ மாறுது. அறிவுரையோட நிறுத்திக்காம, எடையைக் கண்ணுல காட்டி, அதுக்குக் காசும் வாங்கினாங்க. அவ்வளவுதான்.

நமக்கு கார்டு வேணாம், ஒரு தராசு போதும். உங்க ஹாஸ்டல் மெஸ்ல 500 பேர்னு வெச்சுக்குவோம். ஆளுக்கு ஒரு வேளைக்கு 50 கிராம், அதாவது ரெண்டு வாய் சோறு, தட்டுல மிச்சம் வெச்சா ஒரு வேளைக்கு 25 கிலோ. மூணு வேளைக்கு 75. மாசத்துக்கு 2,250 கிலோ. மூணு குட்டியானை லோடு!

இது கற்பனைக் கணக்கு. உங்க மெஸ்ஸோட நிஜக் கணக்கு என்னன்னு உங்களுக்கும் தெரியாது, மெஸ் மேனேஜருக்கும் தெரியாது. அதனால ஏழு நாள், கை கழுவுற இடத்துல ரெண்டு பக்கெட் வைங்க. தோல், எலும்பு, கறிவேப்பிலை ஒண்ணுல, சாப்பாடு ஒண்ணுல. தினமும் எடை போட்டு, பக்கத்துலயே ஒரு போர்டுல நம்பரை மட்டும் எழுதுங்க. யாரையும் திட்டாதீங்க, ஸ்லோகன் எழுதாதீங்க. ஏழாவது நாள் அந்த போர்டை மெஸ் கமிட்டிக்குத் தூக்கிட்டுப் போங்க. செவ்வாய்க்கிழமை உப்புமாதான் ஃபர்ஸ்ட் ரேங்க்னு தெரிஞ்சா, தப்பு நம்ம மேலயா, உப்புமா மேலயான்னு அங்கே வெச்சுப் பேசித் தீர்த்துக்குங்க!