மெழுகுவது யார்?

போளூரிலிருந்து ஜமுனாமரத்தூர் போகும் சாலையில், ஜவ்வாது மலை அடிவாரத்தில் இருக்கிறது அந்தப் பண்ணை. ஒரு தம்பதி நடத்துவது. மூன்று ஏக்கர்கூட இருக்காது. மண் வீடு கட்டக் கைகொடுக்க வருகிறவர்களுக்குச் சாப்பாடும் படுக்கப் பாயும் உண்டு. நான் போனது மாசி மாதம். மண் வேலைக்கு ஏற்ற பருவம்; மழைத் தொல்லை இல்லை, வைத்த சுவர் காயும்.

முதல் வேலை மண்ணைப் பார்ப்பது. தோண்டிய செம்மண்ணைக் கண்ணாடிப் பாட்டிலில் போட்டு, தண்ணீர் ஊற்றிக் குலுக்கி வைத்தார்கள். மணல் உடனே அடியில் இறங்கியது. அதன்மேல் வண்டல் படிந்தது. களி அமர மறுநாள் ஆயிற்று. களி கூடினால் சுவர் வெடிக்கும், குறைந்தால் உதிரும். அங்கே களி தூக்கல் என்பதால் மணல் சேர்த்து, வைக்கோலை நறுக்கித் தூவி, காலால் மிதித்தோம். உருண்டை பிடித்து இடுப்பு உயரத்திலிருந்து போட்டால் சிதறவும் கூடாது, தட்டையாகவும் கூடாது. அதுதான் பதம். ஒரே நாளில் முழ உயரத்துக்கு மேல் வைக்க விடவில்லை. ஈரச் சுவர் தன் பாரத்திலேயே பிதுங்கிவிடும். மண் எடுத்த குழி பண்ணைக்குட்டையாகப் போகிறது.

வெளிப்பூச்சுக்குச் சுண்ணாம்பு. கடுக்காயும் வெல்லமும் ஊறிப் புளித்த தண்ணீரில் குழைத்தோம்; பக்கத்தில் போனாலே கள் வாடை. சிமென்ட் சூளைக்கு 1,450 டிகிரி வெப்பம் தேவை. சுண்ணாம்புக்கல் வேக 900 டிகிரி போதும். வேகும்போது கல் விட்ட கரியமில வாயுவில் பெரும்பகுதியை, பூச்சு இறுகும்போது காற்றிலிருந்து திரும்ப எடுத்துக்கொள்கிறது.

இதையெல்லாம் நான் வியந்துகொண்டிருந்தபோது, வைக்கோல் நறுக்கிய ஆயா குறுக்கிட்டார். "மண்ணு வூடு குளுகுளுன்னுதான் இருக்கும் தம்பி. வாரா வாரம் சாணி மொழுகுறது யாரு?"

பிறந்த வீடு, புகுந்த வீடு இரண்டும் அவருக்கு மண் வீடுதான். தரை மெழுகியதும், மழை முடிந்ததும் சுவருக்கு மண் அப்பியதும் வீட்டுப் பெண்கள். கான்கிரீட் வீடு வந்தபோது அந்தப் பெண்கள் மகிழ்ந்ததில் நியாயம் உண்டு. மண் வீட்டின் பெருமை பேசும் நம்மில் பலர் இந்தக் கணக்கைப் போடுவதே இல்லை.

பண்ணைக்காரர்கள் போட்டிருந்தார்கள். கடைக்காலைத் தரைக்கு மேல் கல்லால் உயர்த்தி, தாழ்வாரத்தை நன்றாக வெளியே இழுத்திருந்ததால் சுவரில் சாரல் படுவது குறைவு. சமையலறைக்குக் கடப்பைக்கல். ஆரோவில் பூமி நிறுவனத்தார் செய்வதுபோல 5 சதவீத சிமென்ட் கலந்து அழுத்திய மண் கல்லில் குளியலறை. மிச்சமிருக்கும் தரையை மெழுகுவது இருவருக்கும் முறை வைத்து.

நான் இருந்த வாரம் கணவரின் முறை. ஆயா வாசலில் நின்று மேற்பார்வை பார்த்தார்: "அந்த மூல வுட்டுப்போச்சு பாரு!"